முட்டையும் பாலும் இல்லாத பாம்பே டோஸ்ட்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஹோட்டல் மெனுவில் ஃப்ரெஞ்சு டோஸ்ட் என்று இருப்பதைத்தான் நம் வீடுகளில் பாம்பே டோஸ்ட் என்கிறோம். முட்டை, பால், சர்க்கரை மூன்றையும் அடித்து, பிரெட்டை நனைத்துக் கல்லில் போட்டால், பள்ளி விட்டு வந்த பிள்ளைகளின் பசி பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். அதையே முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும், வீகனாக மாறிவிட்ட மகளுக்கும், மாலை போட்டிருக்கும் அண்ணனுக்கும் கொடுக்க முடியுமா? தாராளமாக முடியும். யாருக்கும் தனித் தட்டு வேண்டாம். ருசியிலும் குறை வராது.

முட்டை இல்லாமல் செய்வது நேற்று முளைத்த யோசனையும் அல்ல. அப்பீசியஸ் என்ற பெயரில் வழங்கும் பழைய ரோமானியச் சமையல் தொகுப்பில், பிரெட்டைப் பாலில் ஊற வைத்துப் பொரித்து, மேலே தேன் ஊற்றிப் பரிமாறச் சொல்லும் ஒரு குறிப்பு உண்டு. அதன் லத்தீன் மூலத்தில் முட்டையே கிடையாது. 1837-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃப்ரெட் பேர்டு என்ற மருந்துக் கடைக்காரர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகக் கார்ன் ஃப்ளோரை வைத்தே கஸ்டர்டு தயாரித்தார். இன்று மளிகைக் கடையில் நாம் வாங்கும் கஸ்டர்டு பவுடர் அந்த வழியில் வந்ததுதான்.

பின் ஏன் பலருக்கும் இது சொதப்புகிறது? முட்டைக்கு ஈடாக ஒரே ஒரு பொருளைத் தேடுவதால்தான். முட்டை நான்கு வேலை செய்கிறது. அதன் புரதம் 62 முதல் 70 டிகிரி செல்சியஸுக்குள் உறைந்து, நனைந்த பிரெட்டைக் கட்டிப் பிடிக்கிறது. மஞ்சள் கருவின் கொழுப்பு மென்மை தருகிறது. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பொன்னிறம் தருகின்றன. நான்காவது, அதன் தனி மணம். இந்த நான்கையும் தலைக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தால் டோஸ்ட் கைகூடும். கீழே உள்ள ஒவ்வொரு குறிப்புக்கும் அடிப்படை இதுதான்.

அடிப்படை அளவு (சாதாரண பிரெட் 6 துண்டு, அல்லது தடித்த துண்டு 4)

- இனிப்பில்லாத சோயா பால் அல்லது தேங்காயின் இரண்டாம் பால்: 1 கப் (240 மி.லி.)
- கடலை மாவு: 3 மேசைக்கரண்டி
- கார்ன் ஃப்ளோர் அல்லது கஸ்டர்டு பவுடர்: 1 மேசைக்கரண்டி
- நாட்டுச் சர்க்கரை: 1 மேசைக்கரண்டி
- ஏலக்காய்த் தூள்: கால் தேக்கரண்டி
- உப்பு: இரண்டு சிட்டிகை
- மஞ்சள் தூள்: ஊசிமுனை அளவு
- சுடுவதற்கு எண்ணெய்

1. பிரெட் வாங்கும்போது

செய்ய வேண்டியவை

- தடித்த துண்டாகக் கேளுங்கள். வெட்டாத பிரெட்டை பேக்கரியில் வாங்கி, முக்கால் அங்குல கனத்தில் நீங்களே வெட்டிக்கொள்வது இன்னும் நல்லது. கனம் இருந்தால்தான் உள்ளே மென்மையும் வெளியே முறுகலும் ஒரே துண்டில் கிடைக்கும்.
- பழைய பிரெட்டையே எடுங்கள். முதல் நாள் இரவு பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜின் குளிரில் பிரெட்டின் மாவுச்சத்து வேகமாக இறுகும். மற்ற நாளில் அது தொல்லை, இந்தப் பலகாரத்துக்கோ அதுதான் வசதி. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பிரெட்டை வெளியே காயவிட்டால் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். அங்கெல்லாம் ஃப்ரிட்ஜ்தான் சரி.
- அவசரமென்றால், வெறும் கல்லில் சிறு தீயில் இரு பக்கமும் ஒவ்வொரு நிமிடம் சூடு காட்டுங்கள். நிறம் மாற வேண்டாம், ஈரம் போனால் போதும்.

செய்யக்கூடாதவை

- அன்று வந்த புது பிரெட்டை நனைக்காதீர்கள். கையில் எடுக்கும்போதே கிழியும்.
- பூஞ்சை பிடித்த துண்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைப் பயன்படுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் பச்சைப் புள்ளிக்கு அப்பாலும் அதன் இழைகள் பரவியிருக்கும். பாக்கெட்டையே தூக்கிப் போடுங்கள்.
- பளபளப்பான பன்னை விசாரிக்காமல் வாங்காதீர்கள். அந்தப் பளபளப்புக்கு முட்டையோ பாலோ தடவியிருப்பார்கள். மாவில் பால் பவுடரோ வெண்ணெயோ சேர்த்தார்களா என்றும் பேக்கரி மாஸ்டரிடம் கேட்டுவிடுங்கள்.

2. லேபிளைப் படிக்கும்போது

செய்ய வேண்டியவை

- பொருட்பட்டியலைக் கடைசி வரி வரை படியுங்கள். பால் திடப்பொருள், வே, கேசினேட், வெண்ணெய் இவற்றில் எது இருந்தாலும் அது வீகன் அல்ல.
- வீகன் சின்னத்தைத் தேடுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2022-இல் வீகன் உணவுகளுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. பச்சை நிற ‘வி’ எழுத்தும் சிறு இலையும் கொண்ட சின்னம் அதற்குரியது.

செய்யக்கூடாதவை

- பச்சைப் புள்ளியை மட்டும் நம்பாதீர்கள். அது சைவம் என்றுதான் சொல்கிறது. பாலும் தேனும் சேர்ந்த பொருளுக்கும் அதே புள்ளிதான்.
- தேங்காய்ப்பால் பவுடர் என்பதால் அதில் தேங்காய் மட்டும்தான் இருக்கும் என்று எண்ணாதீர்கள். கட்டி தட்டாமல் கரைவதற்காகப் பல பவுடர்களில் சோடியம் கேசினேட் சேர்க்கிறார்கள். அது பாலிலிருந்து எடுப்பது. பால் ஒவ்வாமை உள்ளவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.
- வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின் வாங்கினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அதிலும் பால் பொருள் கலந்திருக்கலாம்.

3. கரைசல் கலக்கும்போது

செய்ய வேண்டியவை

- கட்டிப் பிடிக்கும் வேலையைக் கடலை மாவுக்குக் கொடுங்கள். 100 கிராம் கடலை மாவில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. சூட்டில் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து இறுகி, முட்டை செய்த வேலையைச் செய்யும். கூடச் சேர்க்கும் கார்ன் ஃப்ளோர் உள்ளே கஸ்டர்டு போன்ற வழவழப்பையும் வெளியே முறுகலையும் தரும்.
- கடலை மாவை வெறும் வாணலியில் சிறு தீயில் இரண்டு நிமிடம் வறுத்து, சலித்துக்கொள்ளுங்கள். வாசனை எழும்பியதும் இறக்கிவிடுங்கள், சிவக்க வேண்டாம். இனிப்புப் பலகாரத்தில் கடலை மாவின் பச்சை வாசனைதான் முதலில் மூக்கில் ஏறும். அதை அடுப்பிலேயே போக்கிவிடலாம்.
- முதலில் கால் கப் பால் மட்டும் விட்டுக் கட்டியில்லாமல் குழையுங்கள். மீதியைப் பிறகு ஊற்றுங்கள். மொத்தப் பாலையும் ஒரேயடியாக ஊற்றினால் கட்டிகள் மிதக்கும், எவ்வளவு அடித்தாலும் கரையாது.
- கலக்கிய பின் பத்து நிமிடம் மூடி வையுங்கள். மாவு ஊறி, பதம் தானாகவே கூடி வரும். கரண்டியில் எடுத்து ஊற்றினால் அறுபடாமல் நூலாக இறங்க வேண்டும், கரண்டியின் பின்பக்கம் மெல்லிய படலம் தங்க வேண்டும். அதுதான் பதம்.
- தேங்காய்ப்பால் என்றால் இரண்டாம் பாலை எடுங்கள். கூடவே ஒரு மேசைக்கரண்டி முதல் பால் சேர்த்தால் மஞ்சள் கரு தந்த கொழுப்பின் இடம் நிரம்பும். முந்திரி இருந்தால் பத்துப் பருப்பை வெந்நீரில் ஊற வைத்து, பாலோடு சேர்த்து மையாக அரைத்து ஊற்றலாம்.

செய்யக்கூடாதவை

- கடைப் பஜ்ஜி மாவைப் போடாதீர்கள். மிளகாய்த் தூள், பெருங்காயம், சோடா எல்லாம் அதில் கலந்தே வரும். தனிக் கடலை மாவுதான் வேண்டும்.
- கடலை மாவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். கரைசல் கெட்டியானால் பிரெட்டின் மேல் போர்வையாகப் படிந்து நின்றுவிடும், உள்ளே இறங்காது. அப்புறம் அது பிரெட் பஜ்ஜி. நமக்கு வேண்டியது உள்ளே ஊறிய டோஸ்ட்.
- ஆளிவிதைப் பொடியை அள்ளிப் போடாதீர்கள். கடலை மாவு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது நல்ல மாற்றுதான். ஒரு மேசைக்கரண்டி பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்தால் ஒரு முட்டைக்கு ஈடாகும். அதற்கு மேல் போனால் கொழகொழப்புத்தான் மிஞ்சும்.
- வாழைப்பழத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். நன்றாகப் பழுத்த ஏலக்கி ஒன்றை மசித்துச் சேர்த்தால் மணமும் இனிப்பும் கூடும். இரண்டு மூன்று போட்டால் பழத்தின் சர்க்கரை கல்லில் ஒட்டிக் கருகும், நடுவிலோ வேகாது.
- ஆப்ப சோடா, பேக்கிங் பவுடர் வேண்டாம். இங்கே எதுவும் உப்ப வேண்டியதில்லை. சோடாவின் காரல்தான் நாக்கில் நிற்கும்.
- வேகாத கரைசலை நக்கி ருசி பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். பச்சை மாவில் கிருமி இருக்கலாம். முட்டை இல்லை என்பதற்காக அந்த எச்சரிக்கை போய்விடாது.

4. நனைக்கும்போது

செய்ய வேண்டியவை

- அகலமான, விளிம்புள்ள தட்டில் கரைசலை ஊற்றி, துண்டைப் படுக்க வைத்து நனையுங்கள். தடித்த பழைய துண்டுக்கு ஒரு பக்கம் 20 முதல் 30 விநாடி, மெல்லிய சாண்ட்விச் பிரெட்டுக்கு 5 முதல் 8 விநாடி.
- ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் கரைசலை அடிவரை கலக்குங்கள். கார்ன் ஃப்ளோர் சீக்கிரம் அடியில் படியும். கலக்காமல் விட்டால் முதல் இரண்டு துண்டு நீர்த்துப்போயும், கடைசித் துண்டு மாவுக் கட்டியாகவும் வரும்.
- துண்டைத் தூக்கிப் பிடித்து வடிய விடுங்கள். சொட்டு நின்றதும் நடுவில் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஈரம் தெரிய வேண்டும், ஆனால் துண்டு வளையக்கூடாது. நடுப்பகுதி தொங்கினால் ஊறியது அதிகம். அடுத்த துண்டுக்கு நேரத்தைக் குறையுங்கள்.

செய்யக்கூடாதவை

- எல்லாத் துண்டையும் முன்கூட்டியே நனைத்து அடுக்காதீர்கள். அடியில் இருப்பது கூழாகிவிடும். கல் காய்ந்த பிறகு நனையுங்கள், நனைத்ததும் கல்லில் போடுங்கள்.
- கரைசலைச் சூடாக்கி ஊற்றாதீர்கள். மாவுச்சத்து தட்டிலேயே இறுகிவிட்டால் பிரெட்டுக்குள் இறங்காது.

5. கல்லில் போடும்போது

செய்ய வேண்டியவை

- கல் நன்றாகக் காய்ந்ததும் தீயைக் குறைத்து எண்ணெய் விடுங்கள். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று அடங்க வேண்டும், எண்ணெயில் புகை வரக்கூடாது.
- மிதமான தீயில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் கொடுங்கள். முட்டைக் கலவையைவிடக் கடலை மாவு வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். முதல் ஒரு நிமிடம் மூடி போட்டால் உள்ளே ஆவியில் வேகும். பிறகு மூடியை எடுத்துவிட்டால் வெளியே முறுகும்.
- விளிம்பைப் பாருங்கள். போட்டவுடன் ஓரத்தில் ஈரமாக மின்னும் கரைசல், மெல்ல மெல்ல மங்கி, பிறகு பழுப்புக் கோடாக மாறும். அந்தக் கோடு சுற்றிலும் வந்து, துண்டு தானாகக் கல்லை விட்டு நகரும்போது திருப்புங்கள்.
- தேங்காய் எண்ணெய் விடுங்கள், அல்லது நல்ல கடலெண்ணெய். தேங்காய்ப்பால் கரைசலுக்குத் தேங்காய் எண்ணெய் மணமாகப் பொருந்தும். இரண்டாம் பக்கத்துக்கு எண்ணெயை ஓரத்தில் சுற்றி விடுங்கள்.

செய்யக்கூடாதவை

- தீயைக் கூட்டி நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து சிவப்பதை 1912-இல் லூயி கமீல் மெயிலார்டு என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்தார். சுமார் 140 டிகிரிக்கு மேல் அது வேகம் பிடிக்கும். தீ அதிகமானால் வெளியே அந்த நிறத்தைத் தாண்டிக் கருகிவிடும், உள்ளே கடலை மாவு பச்சையாகவே நிற்கும்.
- தோசைத் திருப்பியால் அழுத்தாதீர்கள். உள்ளே ஊறிய கஸ்டர்டு வெளியேறிக் கல்லில் ஒட்டும், துண்டும் தட்டையாகும்.
- நெய் விடாதீர்கள். வீட்டு நெய்யும் பால்தான். கைப்பழக்கத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தத் தட்டு வீகன் தட்டு அல்ல.
- முட்டை ஒவ்வாமை உள்ளவருக்குச் சுடும்போது, ஆம்லெட் போட்ட கல்லையும் கரண்டியையும் கழுவாமல் எடுக்காதீர்கள். ஒவ்வாமைக்குத் துளி அளவும் போதும்.

6. இனிப்பும் மேலே சேர்ப்பதும்

செய்ய வேண்டியவை

- கரைசலில் இனிப்பைக் குறைத்து, மேலே கூட்டுங்கள். முறுகல் இனிப்புப் பிடிக்குமென்றால், கடைசி அரை நிமிடத்தில் ஒரு பக்கத்தில் சர்க்கரை தூவித் திருப்பி, உருகியதும் எடுத்துவிடுங்கள்.
- கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, சிறிது சுக்குத் தூள் போட்டுப் பாகாகக் காய்ச்சி ஊற்றுங்கள். வடிகட்டாமல் விட்டால் மண் நெறுநெறுக்கும். சீசனில் மாம்பழத் துண்டு அல்லது பலாச்சுளையை அரிந்து பக்கத்தில் வையுங்கள்.
- க்ரீம் வேண்டுமென்றால், கெட்டி முதல் பாலை இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வைத்து, மேலே திரண்டு நிற்பதை மட்டும் எடுத்து அடியுங்கள்.

செய்யக்கூடாதவை

- தேன் ஊற்றாதீர்கள். தேனீயிடமிருந்து எடுப்பதை வீகன்கள் உண்பதில்லை. விருந்தாளி தட்டில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.
- சாக்லேட் ஸ்ப்ரெட்டைப் படிக்காமல் தடவாதீர்கள். பெரும்பாலானவற்றில் பால் பவுடர் உண்டு.
- பாகைச் சமையலறையிலேயே ஊற்றி அனுப்பாதீர்கள். மேசைக்குப் போவதற்குள் முறுகல் நமத்துவிடும். சாப்பிடுபவரே ஊற்றிக்கொள்ளட்டும்.

7. காரமாகச் செய்வதென்றால்

செய்ய வேண்டியவை

- சர்க்கரை, ஏலக்காய், கஸ்டர்டு பவுடரை விட்டுவிட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, மிளகுத் தூள் சேருங்கள். கார்ன் ஃப்ளோர் அப்படியே இருக்கட்டும். பிரெட் ஆம்லெட்டுக்கு ஏங்குபவர்களுக்கு இதுதான் பதில்.
- முட்டை மணத்துக்குக் காலா நமக் எனும் கறுப்பு உப்பை ஒரு சிட்டிகை தூவுங்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள்தான் வெந்த முட்டையின் வாசனையைத் தருகின்றன. அந்த மணம் சூட்டில் பறந்துவிடும் என்பதால், கல்லிலிருந்து எடுத்த பிறகே தூவுங்கள்.

செய்யக்கூடாதவை

- கறுப்பு உப்புக்குப் பதில் இந்துப்பு வாங்கி வந்து ஏமாறாதீர்கள். அதில் அந்த வாசனை இருக்காது.
- வெங்காயத்தைப் பெரிதாக நறுக்காதீர்கள். பிரெட்டில் ஒட்டாமல் கல்லில் உதிர்ந்து கருகும்.
- இனிப்பு டோஸ்டில் கறுப்பு உப்பு வேண்டாம். ஏலக்காயோடு அது சேராது.

8. மிச்சம் இருந்தால்

செய்ய வேண்டியவை

- மீந்த கரைசலை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். எடுத்ததும் நன்றாகக் கலக்குங்கள்.
- சுட்ட துண்டுகளை ஆறவிட்டு, இடையில் பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் அடுக்கலாம். வேண்டும்போது சிறு தீயில் கல்லில் வைத்துச் சூடேற்றினால் முறுகல் திரும்பும்.

செய்யக்கூடாதவை

- தேங்காய்ப்பால் கலந்த கரைசலை வெளியே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். நம் ஊர் வெயிலில் சீக்கிரமே புளித்துவிடும்.
- சூடான துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். ஆவியில் நமத்துப் போகும். கம்பி வலை மேல் தனித்தனியாக வையுங்கள்.

கடைசியாக, கட்டாயமாக

மொத்தத்தையும் சுடும் முன் ஒரே ஒரு துண்டைச் சுட்டு, நடுவில் வெட்டிப் பாருங்கள். ஊரில் விற்கும் பிரெட்டெல்லாம் ஒன்றுபோல் இருக்காது, வீட்டுக்கு வீடு கல்லின் சூடும் வேறு. அந்த முதல் துண்டே உங்களுக்கு வழி சொல்லிவிடும்.

- நடுவில் வெள்ளையாக, உலர்ந்து இருந்தால்: ஊறியது போதாது. பத்து விநாடி கூட்டுங்கள்.
- நடுவில் சொதசொதவென்று இருந்தால்: பிரெட் புதுசு, அல்லது ஊறியது அதிகம். நேரத்தைக் குறைத்து, மூடி போடும் நேரத்தைக் கூட்டுங்கள்.
- பச்சை மாவு வாசனை வந்தால்: தீயைக் குறைத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் கூடுதலாக விடுங்கள்.
- நிறம் வராமல் வெளுத்து இருந்தால்: அரைத் தேக்கரண்டி சர்க்கரையும் சிறிது எண்ணெயும் கூட்டுங்கள்.
- கல்லில் ஒட்டினால்: திருப்ப அவசரப்பட்டிருக்கிறீர்கள், அல்லது பழம் அதிகம்.

சரியாக வந்த அளவையும் நேரத்தையும், வாங்கிய பிரெட்டின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். முட்டை சாப்பிடாத விருந்தாளி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாலும், உங்களுக்குத் தேவை கடலை மாவும் பத்து நிமிடப் பொறுமையும்தான்.